கேட்டுக்கு அந்தப் பக்கம்

ஐஸ் பெட்டியின் ஒயர் எட்டவில்லை. தம்பிதுரை மாமா எக்ஸ்டென்ஷன் போர்டைத் தேடிக்கொண்டிருக்க, அப்பாவின் தலைமாட்டில் பிளக்கைப் பிடித்தபடி நின்றாள் சண்முகப்பிரியா. நேற்று சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தவர், தம்ளரைக் கீழே வைக்குமுன் சாய்ந்துவிட்டார்.

ஜன்னல் வழியே ரோடு தெரிந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பெண்கள், பக்கத்தில் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள். மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பகல் காப்பகத்து அம்மாக்கள். வந்து வெகுநேரமாகியும் ஒருத்திகூட உள்ளே வரவில்லை.

நஞ்சம்மாள் அத்தையும் பார்த்துவிட்டாள்.

"பாத்தியா அம்மணி? இவிகளுக்காக எந்தம்பி திங்கக்கெழமையானா கலெக்டர் ஆபீஸ் வாசல்ல கெடந்தான். இன்னைக்கு மூஞ்சியப் பாக்க உள்ள காலு வெக்க மாட்டீங்கறாங்க."

"உடுங்கத்தை."

"என்னத்த உடறது? அங்க போய்ட்டிருந்த நம்ம பையனே செத்து எத்தன வருசமாச்சு. அப்பறமும் ஊரான் புள்ளைகளுக்கு இவன் எதுக்கு அலஞ்சான்?"

தன் தம்பி இறந்தபிறகு சண்முகப்பிரியாவும் இதையே கேட்டிருக்கிறாள். "காப்பகத்து வேன் ஓடோணுமில்ல கண்ணு" என்பார் அப்பா, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே.

பிளக்கை மாமா கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

"ஏனுங்க, உள்ள வந்தா ஆகாதா?" குரலில் சூடு இருந்தது.

அந்த அம்மாக்களில் முன்னால் நின்ற பொற்கொடிக்குக் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "எப்பிடி வாரது அம்மணி? எழவூட்டுக்குள்ள வந்துபோட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்தாம இன்னொரு எடத்துக்குப் போகப்படாதே. கலெக்டர் ஆபீஸ் போகோணும். காப்பகத்துக்குக் குடுக்கற பணத்த இந்த மாசத்தோட நிறுத்தறாங்க. இன்னைக்குத் திங்கக்கெழமை, மனு வாங்கற நாளு. இத உட்டா மூடிருவாங்க. சாருதான் பேசறதா இருந்துது." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "போனா சாரு மூஞ்சியப் பாக்க முடியாது. போகலீன்னா சாரே வைவாரு."

"இப்ப ஆரு பேசறது?"

"நாந்தானுங்க. எனக்கு வாயே வராது."

"எங்கப்பாகூடச் சண்டை போடறப்ப மட்டும் நல்லா வந்துது?"

அழுகையோடே சிரித்துவிட்டாள் பொற்கொடி.

"அங்கயும் அப்பிடியே பேசுங்க. நீங்க வந்தப்பறந்தான் எடுப்போம்."

உள்ளே மாமா கைக்கடிகாரத்தைத் தட்டினார். "மின்மயானத்துல பன்னண்டுக்குச் சொல்லியாச்சு கண்ணு. சனமெல்லாம் பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்குது."

"சாயங்காலத்துக்கு மாத்துங்க மாமா."

"ஏன், கலெக்டரு மாலை போட வாராரா?" என்றாள் அத்தை.

"இல்லீங்கத்தை. அவிக வாராங்க."

மாமா அவள் முகத்தைப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு போர்ட்டிகோவுக்குப் போனார்.

எடுக்கும்வரை அடுப்பு மூட்டாத வீட்டில் மத்தியானம் மெதுவாகத்தான் நகரும். சிலர் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொள்வதும் இல்லை. அத்தை இவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

வெயில் தாழ்ந்தபோது வேன் வந்தது. இம்முறை பொற்கொடி நேராக உள்ளே வந்து, பெட்டியின் கால்மாட்டில் கை வைத்தாள்.

"மார்ச்சு வரைக்கும் பணம் வருமுங்க சார்" என்று கண்ணாடிக்குள் தெரிந்த முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் அத்தை.

"அவ்வளவுதானுங்க. மறுக்காப் போகோணும்."

பொற்கொடியின் மகன் வேலனுக்கு முப்பது வயதிருக்கும். காலையிலிருந்து மனுக் கொடுக்கும் வரிசையில் நின்ற களைப்பு. பெட்டியை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தான். தயிர்சாத வாசம் கூடமெங்கும் பரவியது. பசித்த சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"டேய், சாமி..." என்று பதறினாள் பொற்கொடி. அத்தை பாதி எழுந்துவிட்டாள்.

சண்முகப்பிரியா சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

வேலன் நிதானமாகச் சாப்பிட்டான். அத்தை எழுந்து பெட்டியருகே வந்தாள். குனிந்து, பெட்டிமேலிருந்து சரிந்து டப்பாவுக்குள் விழ இருந்த மாலையின் நுனியை எடுத்து அந்தப் பக்கமாகப் போட்டாள்.