ரிப்பன் இல்லாத அரை மைல்

1975இல் தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் பேச்சியம்மா தொடங்கிய அரை மைல் ஓட்டம் 2024 வரை முடியவில்லை. முடிவில் ரிப்பன் பிடிக்க ஆளில்லாததால் ஓட்டம் நீண்டு, கந்தப்பளை வரை போய்த் திரும்பியது. வாரம் ஒருமுறை, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்தில், அவள் பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பைக் கடப்பாள். பிள்ளைகள் ஒதுங்கி வழிவிடுவார்கள், அவ்வளவுதான். ஓடுகிறவளுக்கு வயது ஏற நேரமில்லை, பத்தொன்பதிலேயே இருந்தாள்.

அதே லயத்தில் பிறந்த ஜெயந்தினி பல்கலைக்கழகத்தில் வரலாற்று விரிவுரையாளர். தொழிலாளர் நலத் திட்டங்களையும் விளையாட்டையும் சேர்த்து ஆராய்ந்தவர். முடியாத போட்டியை வைத்து ஆய்வேட்டை முடிக்க முடியாது என்றார் மேற்பார்வையாளர் கஜேந்திரன். டிசம்பருக்குள் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும். ஜெயந்தினி ஹட்டனில் கன்வஸ் சப்பாத்து வாங்கி, கூடவே ஓடிப் பேட்டி எடுத்தார். மூச்சு வாங்கியதில் வாரத்துக்கு ஒரு கேள்விதான் கேட்க முடிந்தது.

“ஏன் நிக்கலீங்க?”

“ரிப்பன் இல்லாம நின்னா தோத்ததா எழுதிருவாங்களே மிஸ்!”

ஓட்டம் பாதியில் இருந்தபோது தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போயிருந்தது. பழைய துரை ரிப்பனைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆரம்பித்தவர்களே முடிக்கட்டும் என்றது புதிய நிர்வாகம். பிறகு வந்த கம்பெனியும் அதையே சொன்னது. ஜெயந்தினி கடிதம் எழுதினார். விளையாட்டு அலுவலகம் இது தொழிலாளர் நலன் என்றது, நலன்புரி அலுவலகம் இது விளையாட்டு என்றது. அவர் முதலில் சிரித்தார், பிறகு அழுதார்.

“நீங்களே ரிப்பன் பிடிச்சா ஆய்வு செல்லாது. நடந்ததை எழுதுறதுதான் நம்ம வேலை” என்று எச்சரித்தார் கஜேந்திரன்.

அடுத்த வாரமே ஜெயந்தினி சிவப்பு ரிப்பன் வாங்கி, ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சியம்மா நெஞ்சால் ரிப்பனைத் தள்ளி நின்றாள்.

“எத்தனாவது மிஸ்?”

“மொதலாவது.”

பேச்சியம்மா வாய்விட்டு அழுதாள். உட்கார்ந்து பிளேன்டீ குடித்தாள். குடித்து முடிப்பதற்குள் தலை முழுக்க நரைத்துவிட்டது. ஜெயந்தினி ரிப்பனைச் சுருட்டப் போனார்.

“சுருட்டாதீங்க மிஸ், பின்னால ஆறு பேரு வர்றாங்க. மொதச் சுத்தே முடிக்கல, பாவம்.”

அந்த ஆறு பேரைப் பற்றி ஜெயந்தினியின் குறிப்புகளில் ஒரு வரிகூட இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. பேச்சியம்மா எழுந்து, மரத்தில் கட்டிய முடிச்சை அவிழ்த்து, அந்த முனையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

டிசம்பரில் ஜெயந்தினியின் வேலை போனது. மார்ச்சில் இராசம்மா வந்து சேர்ந்தாள், இரண்டாவது. மூன்றாவது ஆள் கந்தப்பளையைத் தாண்டிவிட்டதாக பஸ்காரர்கள் சொல்கிறார்கள்.