உயிரோடு இருப்பவன் பெயர்

சாவு வீட்டில் பாடுகிறவன் என்ன தப்பு வேண்டுமானாலும் செய்யலாம். தாளம் பிசகலாம், தொண்டை கட்டிக்கொள்ளலாம், பாதியில் எழுந்து ஒன்றுக்குப் போய்விட்டு வரலாம். உயிரோடு இருப்பவன் பெயரைச் செத்தவன் இடத்தில் வைத்துப் பாட மட்டும் கூடாது. சிட்டிபாபு அதைத்தான் செய்தான்.

முசரவாக்கத்தில் சபாபதி இறந்த அன்று நடந்தது அது. அப்போது காஞ்சிபுரம் வட்டாரத்தில் சிட்டிபாபுவின் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. தானே பாட்டு கட்டி, தானே மெட்டுப் போட்டு, கேசட்டாகப் பதிந்து, பஸ் ஸ்டாண்டில் தானே கூவி விற்றவன். பாட்டுக்காரனுக்குச் சாவு வீட்டில் சரக்கு வைப்பது வழக்கம். வைக்காவிட்டால் இறந்தவருக்கே மரியாதை இல்லை என்பார்கள். இவனோ மரியாதையை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஏற்றுக்கொள்கிறவன். அன்று நாக்கில் சனி உட்கார்ந்தது. கிடத்தியிருந்த சபாபதியை விட்டுவிட்டு, தலைமாட்டில் நின்ற தம்பி பழனியைப் பார்த்து, "போயிட்டியே பழனி, பாடையில ஏறிட்டியே" என்று ஊர் கேட்கப் பாடினான். பாடிவிட்டுக் குமுறிக் குமுறி அழவும் செய்தான்.

அடி விழுந்தது. டோலக் கிழிந்தது. பழனிக்கு அன்றிலிருந்து ஊரில் ‘செத்த பழனி’ என்றே பெயர். பெண் கேட்டுப் போன இடத்தில்கூடச் சிரித்தார்களாம். சிட்டிபாபுவை அதற்குப் பிறகு ஒருவரும் பாடக் கூப்பிடவில்லை. கூப்பிடாத துக்கத்துக்கும் சேர்த்துக் குடித்தான்.

கடைசியில் அவன் மனைவி லில்லிதான் அவனை இழுத்துக்கொண்டு போய், குடியை நிறுத்துகிற இல்லம் ஒன்றில் சேர்த்தாள். திரும்பி வந்தவன் குடிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். சாயப்பட்டறையில் பட்டு நூல் அலசினான், வேளைக்குச் சாப்பிட்டான், படுத்தால் தூங்கினான். ஆனால் குடியைக் கழுவி ஊற்றியபோது உள்ளே இருந்த வேறு எதையோ சேர்த்து ஊற்றிவிட்டார்கள் போலிருந்தது. மாமனார் இறந்தபோது கண்ணீர் வரவில்லை. பாட்டு கட்ட உட்கார்ந்தால் சொல் வந்தது, எதுகை வந்தது, நெஞ்சில் மட்டும் ஒன்றும் வரவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இருந்தாலும் விடாமல் புதிதாக ஒரு கேசட் போட்டான். வாங்கிக் கேட்டவர்கள், "நல்லா இருக்குதுபா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்படியிருக்க, ஒரு நாள் காலை பழனி பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"எங்கம்மா தவறிட்டாங்கண்ணா. நீ வந்து பாடணும்."

சிட்டிபாபுவின் கை நூலோடு தண்ணீரிலேயே நின்றுவிட்டது. "நானாப்பா? ஊரு ஒத்துக்குமா?"

"ஊர நான் பாத்துக்கறேன். நீ பாட்ட பாத்துக்க."

தோல் மாற்றி வைத்திருந்த டோலக்கை எடுக்க வீட்டுக்குப் போனபோது லில்லி தடுக்கவில்லை. "போய்ப் பாடு. ஆனா ஒரு வாய் ஊத்திக்கினு வந்தியோ, நான் மாகறலுக்குப் போயிடுவேன், எங்கம்மா வூட்டுக்கு. அப்புறம் வந்து கூப்புடாத" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை அவள். குடித்தால் லில்லி போய்விடுவாள், நாக்குப் புரண்டால் பாட்டு இந்த ஜென்மத்துக்கும் போய்விடும். குடிக்காத வாயால் ஒரு சாவு வீட்டை அழவைக்க முடியுமா என்பது சிட்டிபாபுவுக்கே தெரியாது.

முசரவாக்கத்தில் பந்தல் போட்டு ஜெயம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். பாடுவதற்கு முன் சிட்டிபாபு வழக்கம்போல மகள் வள்ளியிடம் விசாரித்துக்கொண்டான். அம்மாவுக்கு என்ன பிடிக்கும், காலையில் கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தாள், பேரப்பிள்ளைகள் பெயர் என்ன என்று கேட்டான். பெரியப்பா முறைக்காரர் ஒருவர் சொம்பில் சரக்கு கொண்டுவந்து வைத்தார். வாசனை வந்தது. பழனி சொம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கோலி சோடாவை வைத்தான். பெரியவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேறு பக்கம் உட்கார்ந்தார்.

"ஒல கொதிக்குது, அரிசி போடல,
ஒனக்கு யாரு அழைப்பு வச்சது?
மொளகா காயறதுக்குள்ள ஜெயம்மா
முந்தானைய உதறிப் போனியே..."

பெண்கள் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள். சிட்டிபாபு பார்த்துக்கொண்டே பாடினான். யாரோ பாட, யாரோ அழ, அவன் சும்மா உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

அடுத்தது பிள்ளைகள் பெயர். வள்ளி வந்துவிட்டாள், மருமகன் வந்துவிட்டார், பேரன் பேத்தி வந்துவிட்டார்கள், கண்ணைத் திறந்து பாரம்மா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். பழனியின் முறை வந்தது. சிட்டிபாபு மறுபடி வள்ளிக்கே தாவினான். இன்னொரு சுற்று வந்தபோதும் அப்படியே தாவினான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா? ஆனால் பெயர் சொல்லாமல் விட்ட பிள்ளை பெறாத பிள்ளைக்குச் சமம். பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. பழனி எழுந்து வந்து எதிரில் நின்றான்.

"என் பேரு எங்கண்ணா? நான் எங்கம்மாவுக்குப் புள்ள இல்லியா?"

"வேணாம்பா. நாக்கு பயப்படுது."

"பயந்துக்கினே பாடு."

சிட்டிபாபு சோடாவை ஒரு மடக்குக் குடித்தான். ஒவ்வொரு சொல்லாக, ஆற்றைக் கடக்கிறவன் கால் வைப்பது போல வைத்தான்.

"சின்னவன் பழனி நிக்கிறான்,
உசுரோட உன் காலாண்ட நிக்கிறான்,
ஒரு தரம் அவன் பேரச் சொல்லி
எழுந்து கூப்புடு ஜெயம்மா..."

பழனி தாயின் காலில் விழுந்தான். ஆண்பிள்ளை இப்படி அழுது அந்தத் தெரு பார்த்ததில்லை. பெரியப்பாகூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சிட்டிபாபுவின் கண் மட்டும் காய்ந்து கிடந்தது. அவனுக்கு அவமானமாக இருந்தது. பழனி எழுந்து மூக்கைச் சிந்தியதும் மெல்லச் சொன்னான். "கோச்சிக்காதபா. முன்ன மாதிரி எனக்கு அழுவ வர்றதில்ல. கட்ட மாதிரி பாடறேன்."

"நீ அழாததாலதான் நாங்க அழறோம்" என்றான் பழனி. "எங்கண்ணன் செத்தன்னிக்கு எங்க வூட்ல ஒருத்தரும் அழல, தெரியுமா? உன்ன அடிச்சிக்கினு இருந்தோம். அடிச்சி முடிக்கறதுக்குள்ள நேரமாயிடுச்சின்னு தூக்கிட்டாங்க. ‘எம் புள்ளைக்கு அழக்கூட வுடலியே’ன்னு எங்கம்மா சாவற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாங்க."

சிட்டிபாபு சோடா பாட்டிலைக் கீழே வைத்தான்.

"அண்ணன் பாட்டு பாதியில நிக்குது. அம்மாவ தூக்கறதுக்குள்ள முடிச்சிடுண்ணா" என்று சொல்லிவிட்டுப் பழனி போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

இத்தனை வருஷமும் சிட்டிபாபு தனக்குப் போனதைத்தான் நினைத்து நினைத்து மாய்ந்திருந்தான். தன் பெயர் போனது, தன் டோலக் போனது, தன் பாட்டு போனது. ஒரு வீட்டின் அழுகையையே தான் தூக்கிக்கொண்டு போய்விட்டது அவன் புத்திக்கு எட்டவே இல்லை. இப்போது எட்டியது. நெஞ்சுக்குள் வலித்தது, தாங்க முடியாமல் வலித்தது.

டோலக்கை மடியில் இழுத்துக்கொண்டு, "சபாபதி" என்று பெயரைச் சரியாகச் சொல்லித் தொடங்கினான். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு கதறினார்கள். அவனுக்கும் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. அழுகையை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்த அடியை எடுத்தான். இன்று அழுவது அவர்களுடைய முறை.