ஆறாவது கம்பி

நாத்தனார் செம்மொழியின் நலங்குக்கு முந்தைய நாள் சாயங்காலம் என் கிட்டாரின் ஆறாவது கம்பி அறுந்தது. மறுநாள் நலங்குப் பாட்டை நான் வாசிக்கப்போவதாக அவள் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

பெடல் ஸ்டீல் கிட்டாரை என் கணவர் வளவன் துபாயிலிருந்து கொண்டுவந்தார். அவர் எலக்ட்ரீஷியனாக இருந்த ஹோட்டலில் அதை வாசித்துக்கொண்டிருந்த ஒருவர், தன் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தது. நான்கு இரும்புக் கால், மேலே ஒரு நீளப் பலகை, அதில் பத்துக் கம்பி. நன்னிலத்தில் அதைப் பார்த்து இஸ்திரி மேசையா என்று கேட்காதவர்கள் இல்லை. இடது கையில் உருட்டு இரும்பைப் பிடித்துக் கம்பிமேல் நகர்த்த வேண்டும். வலது கையால் மீட்ட வேண்டும். பாதம் பெடலை மிதித்தாலும் முழங்கால் ஒரு தண்டைத் தள்ளினாலும் சுருதி ஏறும், இறங்கும். அவருக்குக் கையும் காலும் சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. பன்னிரண்டு வருஷமாக என் தையல் கடையின் பவர் மெஷினில் காலால் மிதித்து, முழங்காலால் தள்ளித்தானே துணி தைக்கிறேன்!

புதுப் பாக்கெட்டைப் பிரித்தேன். ஆறாவது இடத்துக்கு மட்டும் இரண்டு கம்பிகள் இருந்தன. ஒன்று, மெல்லிய இழை சுற்றிய கம்பி. அறுந்ததும் அந்த வகைதான். இன்னொன்று, சுற்றே இல்லாத வெறும் கம்பி.

“இது பளபளன்னு இருக்கே. இதையே போடுங்கண்ணி,” என்றாள் செம்மொழி. அந்த வாரம் அவளுக்கு எல்லாமே பளபளக்க வேண்டியிருந்தது.

போட்டேன். வாசித்தேன். ஒவ்வோர் அடியின் முடிவிலும் சுருதி வழுக்கி இறங்கியது.

“ஏன் கிணத்துல வாளி விடுற மாதிரி எறக்குற?” என்றார் வளவன்.

“நானா?”

குனிந்து பார்த்தேன். என் முழங்கால்தான். மெஷினில் தையல் முடிந்ததும் முழங்காலைத் தள்ளினால்தான் துணி விடுபடும். அந்தப் பழக்கம் இங்கேயும் ஒவ்வோர் அடி முடிவிலும் தண்டைத் தள்ளியிருக்கிறது. சுற்றுக் கம்பி அந்தத் தள்ளலுக்குக் கொஞ்சம்தான் இறங்கும். வெறும் கம்பி முழுசாக இறங்குகிறது. ஒரு வருஷமாக என் தப்பு அந்தச் சுற்றுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

“பழைய மாதிரியே போட்டுடு. யாருக்கும் தெரியாது,” என்றார்.

யாருக்கும் தெரியாது என்பது எனக்கு மிகவும் வசதியான இடம். முகூர்த்தப் புடவை எடுக்கும்போது என்னையும் கேட்டார்கள். பச்சை என்றேன். உடனே “சும்மா தோணுச்சு” என்று சேர்த்துக்கொண்டேன். அரக்கு எடுத்தார்கள். செம்மொழிக்குப் பச்சைதான் பிடித்திருந்தது என்று பிறகு தெரிந்தது. யோசித்துப் பார்த்தால், நான் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு முழங்கால் வந்து அதை இறக்கிவிடுகிறது.

சுற்றுக் கம்பியை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தேன். நாளைக்கு நாற்பது பெண்கள், அதில் பாதி மாப்பிள்ளை வீடு. பிறகு அதைச் சுருட்டிப் பாக்கெட்டுக்குள் வைத்தேன்.

“வெறும் கம்பியே இருக்கட்டும்,” என்றேன். வாய் அடுத்த சொல்லுக்குத் தயாரானது. மூடிக்கொண்டேன்.

மறுநாள் பந்தலில் மாப்பிள்ளையின் அத்தை கேட்டார்: “இஸ்திரி மேசைய எதுக்கும்மா நடுவுல போட்டிருக்கீங்க?”

“உங்க புடவையத் தேச்சுக் குடுக்கத்தான்,” என்றாள் செம்மொழி, கன்னமெல்லாம் சந்தனத்தோடு.

ஆரம்பித்தேன். முதல் அடி நன்றாகவே வந்தது. முடியும்போது முழங்கால் தானாகத் தண்டைத் தள்ளிவிட்டது. சுருதி தடாலென்று இறங்கியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து என் மாமியார் ரெங்கம்மாள் அந்த அடியை எடுத்துப் பாடினார். நடவு வயலில் பாடிப் பழகிய குரல். அங்கே ஒருத்தி அடியை இறக்கினால் மற்றவர்கள் எடுக்க வேண்டும். நான் அவர்களுக்காகத்தான் இறக்கினேன் என்று நினைத்துவிட்டார்! பின்னாலேயே நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். இஸ்திரி மேசை அத்தையின் குரலும் கேட்டது.

இரண்டாவது அடியில் முழங்காலை நானே தள்ளினேன். பந்தலே எடுத்தது. மூன்றாவதில் வேண்டுமென்றே தாமதித்து இறக்கினேன். அதற்கும் காத்திருந்து எடுத்தார்கள்.

கடைசி அடி வந்தது. எல்லோரும் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு என் முழங்காலைப் பார்த்தார்கள். நான் இறக்கவில்லை. சுருதி மேலேயே நின்றது.

“அடியே, விட்டுத் தொலை! மூச்சு முட்டுது!” என்றார் மாமியார்.

பந்தல் சிரிப்பில் ஆடியது. செம்மொழி சந்தனக் கையைத் தூக்கினாள்.

“விடாதீங்கண்ணி!”

விடவில்லை. கம்பி தானாக ஓயும்வரை முழங்காலை அசைக்காமல் வைத்திருந்தேன்.