பாறைத் திண்டில் ஒரு கிண்ணம் காப்பி

1

இந்தக் கதை என் கால் மரத்துப்போனதால் பிறந்தது. எங்கள் அரபுப் பாலைவனத்து ரம் பள்ளத்தாக்கின் செங்குத்து மணற்பாறையில், பாதி உயரத்தில், ஒரு திண்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரே கயிற்றில் மூன்று பேர்: முதலில் முத்லக், நடுவில் தக்கீல், கடைசியில் நான். அவர்கள் இரண்டு பேரும் எழுந்தால்தான் நான் எழ முடியும். அவர்கள் எழுவதாக இல்லை.

2

தொடக்கம்: செம்பாறையின் மேல் சூரியன் பொன்னை வாரி இறை—

(அடித்துவிட்டேன். வெயில் கண்ணைக் குத்தியது, அவ்வளவுதான்.)

மறுபடியும்: முத்லக்குக்குத் தக்கீலின் தங்கை நோஃபாவைக் கட்டிக்கொள்ள ஆசை. (நோஃபாவுக்கு? பொறுங்கள், வருகிறேன்.) எங்கள் ஆட்களில் பெண் கேட்டு வருகிறவன், கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிடுவான். வீட்டுக்காரன் சம்மதித்தால்தான் குடிப்பான். குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்காரனுக்குத் தலைகுனிவு. அதனால் முத்லக் கூடாரத்தை நெருங்கினாலே தக்கீல் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பிவிடுவான்.

3

அப்பேர்ப்பட்டவன் திண்டில் உட்கார்ந்ததும் பெருமை தாங்காமல் உளறினான்.

“எங்க தாத்தா மலையாடு வேட்டையாடின எடம்டா இது. எங்க வீடுன்னே வெச்சுக்க. உக்காரு, காப்பி குடி.”

வீடு என்று சொல்லிவிட்டால் வந்தவன் விருந்தாளி. முத்லக் கிண்ணத்தை வாங்கினான். பாறைமேல் வைத்தான்.

“நோஃபாவ எனக்குக் குடு அண்ணே. அப்பதான் குடிப்பேன்.”

தக்கீல் சுற்றுமுற்றும் பார்த்தான். ஒட்டகம் எதுவும் இல்லை.

“பாறையில தொங்குறவனுக்கு என் தங்கச்சியா? நாளைக்கு நீ விழுந்தா அவ கதி என்னடா?”

“நீயுந்தான் தொங்குற.”

“அதுக்குத்தான் என் பொண்டாட்டிகிட்ட தெனமும் வாங்கிக் கட்டிக்கிறேன். ஆமா, கிண்ணத்த பையில யாரு வெச்சது?”*

முத்லக் வானத்தைப் பார்த்தான்.

(* கிண்ணம் பாறைக்கு எடுத்துப்போகிற சாமான் இல்லை. குடுவையிலிருந்தே வாயில் ஊற்றிக்கொள்வோம். அன்று பையைக் கட்டிக் கொடுத்தவள் நோஃபா. முதலில் அவளை ஒன்றும் அறியாத பெண்ணாக எழுதியிருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.)

4

முடிவு அ: தக்கீல் சம்மதிக்கிறான், மூவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறோம். (திண்டில் அதற்கு இடம் இல்லை.)

முடிவு ஆ: மறுக்கிறான். அப்புறம் அவனை யார் கயிறு பிடித்து இறக்குவது? இதை நான் யோசிப்பதற்குள் அவனே கேட்டுவிட்டான்.

“மாட்டேன்னு சொன்னா? கயித்த விட்டுருவியா?”

“பத்தரமா எறக்கிவிடுவேன். கீழ போனதும் மறுபடியும் கேப்பேன்.”

தக்கீல் இடுப்பில் இருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். காலையில் முத்லக் போட்ட முடிச்சு. கதையில் இதைச் சொல்லக்கூடாது என்பார்கள், சொல்லிவிட்டேன்.

5

இனி நான் எழுதப்போவதில்லை. திண்டு உங்கள் வீடு, நோஃபா உங்கள் தங்கை. கிண்ணத்தை உங்கள் முன்னால் வைத்திருக்கிறேன். சீக்கிரம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காப்பி ஆறுகிறது, கால் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, நீங்கள் வாய் திறக்கிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் இறங்க முடியாது.