நாற்பத்தொன்றாம் மனை

தாராபுரத்துக்கு வடக்கே இருந்த அந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தவன் சர்வேயர் திருமூர்த்திதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்களை இந்திய, இலங்கை அரசுகள் இரண்டும் பங்கிட்டுக்கொண்ட பிறகு, கப்பலில் வருகிறவர்களைக் குடியமர்த்த இடம் தேவைப்பட்டது. “ஆளில்லாத நெலமாப் பாருங்க” என்றார் மேலதிகாரி. திருமூர்த்தி சங்கிலி பிடித்து அளந்தபோது, அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாரப்பன் கேட்டார்: “ஏனுங்க, தண்ணி இருந்திருந்தா இத்தன நாளு நாங்க சும்மா உட்டுருப்பமுங்களா?”

திருமூர்த்தி சிரித்துவிட்டு அறுபது மனை வரைந்தான். கிணறு, பள்ளிக்கூடம், தார்ச்சாலை எல்லாம் வரைபடத்தில் அழகாக உட்கார்ந்தன.

1971இல் இருபத்திரண்டு குடும்பங்கள் வந்தன. அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த சுப்பையனுக்கும் அவர் மனைவி மருதாளுக்கும் நாற்பதாம் மனை. அடுத்த மனையை மகள் நல்லம்மாளுக்கு ஒதுக்கித் தரும்படி இருவரும் கேட்டார்கள். இன்னும் இலங்கையிலிருந்த அவளும் மருமகனும் அடுத்த கப்பலுக்கான பட்டியலில் இருந்தார்கள். திருமூர்த்தி எழுதிக் கொடுத்தான். சுப்பையன் மறுநாளே அந்த மனைக்கும் மண்சுவர் எழுப்பத் தொடங்கிவிட்டார்.

முதல் கிணறு தோண்டியபோது எழுபதடிக்குக் கீழே வெறும் பாறை. இரண்டாவது கிணறும் அப்படியே. குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் பெருமாநல்லூருக்கும் கிளம்பின. மறு கோடையில் சுப்பையன் வீட்டில் மட்டும்தான் அடுப்பு எரிந்தது. திட்டத்தைக் கைவிடுவதாக உத்தரவு வந்தது. இருவரையும் திருப்பூர் மில் தொழிலாளர் லைன் வீட்டுக்கு அனுப்பத் திருமூர்த்தி லாரியோடு போனான்.

“இந்த விலாசத்தத்தான் பிள்ளைக்கு எழுதியிருக்கோம்ங்க ஐயா. அவ வந்து தேடுவாளே” என்றார் சுப்பையன்.

திருமூர்த்தியின் பையில் திருத்திய பட்டியல் இருந்தது. மருமகனுக்கு இலங்கையிலேயே குடியுரிமை கொடுத்துவிட்டார்கள். நல்லம்மாளும் புருஷன் கணக்கில் சேர்ந்துவிட்டாள். அவன் அதை எடுத்து விரித்து விவரத்தைச் சொன்னான்.

“அப்ப எம்புள்ள வேற நாடுங்களா?” என்று கேட்டாள் மருதாள்.

“ஆமாங்கம்மா.”

“நாங்க போய்ப் பாத்துட்டு வரலாமில்ல?”

“பாஸ்போர்ட்டு, விசா எல்லாம் வேணுமுங்க.”

“நாங்க பொறந்ததே அங்கதானேங்க” என்றாள் அவள். அவன் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தான்.

சாமான்களைக் கட்டும்போது, திருமூர்த்தி சுப்பையன் அருகே போய் நின்றான். “இந்த எடத்தப் பாத்துக் குடுத்தது நாந்தானுங்க.”

சுப்பையன் கயிற்றை இறுக்கி முடிந்தார். “அப்படிங்களா” என்றார். அடுத்த மூட்டையை எடுத்தார். ஏசியிருந்தால்கூடத் தேவலாம் என்று திருமூர்த்திக்கு இருந்தது.

பத்து நாள் கழித்து, ஆளில்லாத குடியிருப்புக்கு வந்த கடிதமொன்றைத் தபால்காரர் சர்வே ஆபீசில் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். திருமூர்த்தி அதை எடுத்துக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினான். சுப்பையன் ஷிப்டுக்குப் போயிருந்தார். மருதாளுக்குப் படிக்கத் தெரியாது. வாசலிலேயே நின்று அவன் படித்துக் காட்டினான்.

குடியுரிமைச் சேதி தெரியுமுன் நல்லம்மாள் எழுதியது அது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அம்மா பெயரையே வைத்திருக்கிறோம், கப்பலுக்குக் கூப்பிட்டதும் வந்துவிடுவோம் என்று எழுதியிருந்தாள். எங்கள் வீட்டுக்கு அப்பா கூரை போட்டுவிட்டாரா என்று கடைசியில் கேட்டிருந்தாள்.

மருதாள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“புள்ள பேரு சொன்னீங்களே, அந்த எடத்த இன்னொரு தடவ படிங்க ஐயா” என்றாள்.

அவன் படித்தான்.