ஞானம்மாவின் மத்தியான மணி

"மனுஷங்க இல்லாம உன்னால இருக்க முடியுமா, பொண்ணே?"

வடக்குப்பட்டு ஏரிக்கரையில், ஓலைக்கூரை போட்ட ஜெபக்கூடத்து வாசலில் நின்றுகொண்டு ஞானம்மா கேட்டது அது. ஐம்பத்தாறாம் வருஷம். மடத்தில் சேர வந்து நின்ற கனகத்துக்கு அப்போது பத்தொன்பது வயது. "முடியும்மா" என்று சட்டென்று சொல்லிவிட்டாள். பொய்யென்று அவளுக்கே தெரியாத பொய்.

ஞானம்மா ஒரு தகரப்பெட்டியும் வேதப்புத்தகமுமாகத் தனியாக வந்து அந்த மடத்தை ஆரம்பித்தவர். காவிச்சேலை, வெறுங்கால். "சாமியாரம்மா மதம் மாத்த வந்துகீது" என்று முதலில் சிரித்த ஊர், பிறகு பிரசவத்துக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிட்டது. அவர் வைத்த சட்டங்கள் கொஞ்சம்தான். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மணி அடிக்கும். அதன்பிறகு மூன்று மணிவரை யாரும் பேசக்கூடாது. மடத்தை விட்டுப் போக நினைக்கிறவள் அந்த நேரத்தில்தான் போகவேண்டும்.

"பேச விட்டா நாம கெஞ்சுவோம். கெஞ்சி நிறுத்தினவ கடவுளுக்காக நிக்கமாட்டா, நமக்காக நிப்பா" என்பார்.

அப்படி எட்டுப்பேர் போனார்கள். எழுபத்தெட்டில் ஞானம்மாவும் கண்ணை மூடினார். எண்பத்துமூன்றில் மிஞ்சியது கனகமும், மூன்று வருஷத்துக்கு முன் வந்து சேர்ந்த மண்ணூர் லீலாவும்தான்.

"அக்கா, அண்ணன் கம்பெனில வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கு. மத்தியானம் கெளம்பறேன்" என்றாள் லீலா ஒருநாள் காலையில். கனகம் "ம்" என்றாள்.

சாப்பிட்டாயிற்று. கனகம் மணி அடிக்க எழுந்திருக்கவில்லை. பேச ஆரம்பித்தாள். புயலில் கூரை பறந்தபோது ஞானம்மா குடையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னதை, பாயசத்தில் உப்பைப் போட்டுவிட்டுத் தானே முழுவதும் குடித்துத் தீர்த்ததை. அவள் அவ்வளவு பேசி லீலா கேட்டதே இல்லை. கேட்டபடியே, கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

வெளியே சைக்கிளோடு நின்ற அவள் அண்ணன் எல்லப்பன் குரல் கொடுத்தான்.

"இன்னா லீலா, உள்ள கச்சேரியா? ஒண்ணரை பஸ் பூடும்!"

"இருண்ணா. இன்னும் மணி அடிக்கல."

"மணியா? அதுக்கு சாவி குடுக்க ஆள் இல்லியா?"

கனகம் அவசரமாகக் கேட்டாள். "பூசணி விதைய எங்க வெச்ச? துணி எடுத்தாச்சா? கெணத்துக் கயிறு..."

"எல்லாம் ஆச்சுக்கா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லீலா படிக்கு உள்பக்கமே நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது. ஓடிப்போனாலும் தடுக்க ஆளில்லை. ஞானம்மாவின் முகத்தைக்கூடப் பார்த்திராத பெண் அவருடைய சட்டத்துக்காகக் காத்து நிற்கிறாள். அவர் கையால் சோறு தின்றவள் அதை மீறி உட்கார்ந்திருக்கிறாள். கனகத்துக்கு முகமெல்லாம் எரிந்தது.

எழுந்துபோய்க் கயிற்றைப் பிடித்தாள். இழுத்துவிட்டால் இனி மூன்று மணிக்குத்தான் பேசலாம். யாரோடு பேசுவது?

"வெயில்ல போற. முந்தானைய தலைமேல போட்டுக்கோ."

மணியை அடித்தாள்.

லீலா முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்ததுபோல் உதடு பிரிந்தது; உடனே மூடிக்கொண்டது. படியிறங்கி, அண்ணனின் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டாள்.