திருகில் ஒரு கீறல்

ஆர்லோ தன் மேசையில் பச்சைத் துணியை விரித்துக் கத்திகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தபோது எதிர்மேசைக்காரர் காப்பி வாங்க எழுந்தார். போகும்முன் தன் ரிவால்வர்களின்மேல் ஒரு போர்வையை இழுத்து மூடி, நான்கு முனைகளையும் உள்ளே செருகிவிட்டுப் போனார். வருடாவருடம் எதிரெதிரே கடை போடுகிறவர்கள். இதுவரை அவர் "பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரே தவிர, எதையும் மூடியதில்லை. ஆர்லோ அதைக் கவனிக்காதவர் மாதிரி ஒரு கத்தியை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

ஷெரிடன் கண்காட்சிக் கொட்டகையில் வசந்தகாலத் துப்பாக்கிச் சந்தை என்றால், வயோமிங் மாநிலத்தின் வடபாதியே அங்கேதான் இருக்கும். துப்பாக்கி எண்ணெய் வாசனை, பன்றிக்கறி வறுக்கிற புகை, ஈரமான தோல்சட்டைகளின் நெடி. இந்தக் கூட்டம் எதையும் மன்னிக்கும். குடிக்கலாம், மூன்று கல்யாணம் பண்ணலாம், பக்கத்துப் பண்ணைக் கன்றுக்குத் தன் முத்திரையைச் சூடு போட்டு ஓட்டிக்கொண்டு போகலாம், கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள். ஆனால் பழைய துப்பாக்கியின் அசல் பாகத்தைக் கழற்றிக்கொண்டு போலியை மாட்டிவைத்தான் என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால் தீர்ந்தது; அவன் கையால் போட்ட எலும்பை நாய்கூடத் தொடாது. ஆர்லோவுக்கு அந்தப் பெயர்தான் வந்திருந்தது. வாங்கிக் கொடுத்தவர் வெண்டல், அவருடைய ஒரே சிநேகிதர்.

வெண்டல் சொன்னதில் பாதி உண்மை. அவருடைய ரிவால்வரைத் திறந்தது ஆர்லோதான்.

பனி இன்னும் கரையாத ஒரு நாளில் வெண்டலின் மனைவி நடீன் தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள்.

"இந்த வீட்ல என்னைக்குமே ஒரு தோட்டா இருந்ததில்ல, ஆர்லோ. பாக்குறதுக்கு வச்சிருக்கேன், சுடுறதுக்கில்லன்னு அவரே நூறு தடவ சொல்லியிருக்காரு. இப்ப சாக்ஸ் வைக்கிற டிராயர்ல புதுசா ஒரு டப்பா இருக்கு. அந்தக் குதிரைப்படை ரிவால்வருக்குப் போடுறது."

"கேட்டியா?"

"பாம்புக்குங்கிறாரு. டவுனுக்குள்ள, பனியில, எங்க இருக்கு பாம்பு?"

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயேன்."

"சொன்னேன். மாட்டு டாக்டர்கிட்டயான்னு கேக்குறாரு."

போன இலையுதிர்காலத்தில் வெண்டல் கடைசி மாட்டையும் விற்றுவிட்டு, பண்ணையைக் குத்தகைக்கு விட்டு டவுனுக்குக் குடிவந்தார். வந்ததிலிருந்து சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதே வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆர்லோ போனால் முன்பெல்லாம் மேசை நிறைய ரிவால்வர்களைப் பரப்பிவைத்துக்கொண்டு சண்டை போடுவார். இப்போது 'வாடா' என்பதோடு சரி. துப்பாக்கிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று நடீன் கெஞ்சினாள். ஆர்லோ யோசித்துப் பார்த்தார். எடுத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். தெரிந்தால் வீம்புக்கு வேறொன்று வாங்குவான். அவனுக்குத் தெரியாமல் செய்ய ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த ரிவால்வரின் பிடிக்கு முன்பக்கம் ஒரு சின்னத் திருகு உண்டு. உள்ளே இருக்கும் வில்லை, அந்த ஸ்பிரிங்கை, அழுத்திப் பிடித்திருப்பது அதுதான். கொஞ்சம் தளர்த்திவிட்டால் தோட்டாவின் அடியில் தட்டுகிற சுத்தியலுக்கு வேகம் இருக்காது, தோட்டா வெடிக்காது. இறுக்கினால் பழையபடி ஆகிவிடும்.

வெண்டல் முடிவெட்டப் போன நேரத்தில் ஆர்லோ போய் உட்கார்ந்தார். அந்தத் திருகின் பிளவுக்கென்றே தீட்டிய திருப்புளி அவரிடம் இருந்தது. ஆயிரம் திருகு திறந்த கை, ஒன்றிலும் தடம் விட்டதில்லை. அன்றைக்கு ஜன்னலில் காவல் நின்ற நடீன், "வண்டி திரும்புது!" என்றாள். திருகு தளர்ந்த அதே நொடி கை வழுக்கியது. மயிரிழை நீளத்துக்கு, வெள்ளி மாதிரி, ஒரு புதுக்கீறல்.

சேகரிப்பவன் கண்ணுக்கு அது போதும். அன்று இரவே வெண்டல் தொலைபேசியில் கூப்பிட்டார். "என் துப்பாக்கியத் தொறந்தது யாருடா?" ஆர்லோ தொலைபேசியை வைத்துவிட்டார். என்ன சொல்வது? நீ சாகப் பார்க்கிறாய் என்று சந்தேகப்பட்டேன் என்றா? அடுத்த வாரமே ஊர் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. ஆர்லோவுக்கு வலித்தது, வலிக்காமல் என்ன. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் நிம்மதி. கோபம் இருக்கிறவன் காலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போவான், நாலு பேரிடம் என்னைத் திட்டுவான், திட்டட்டும் என்று இருந்தார்.

அந்தச் சட்டையைத்தான் மாட்டிக்கொண்டு வெண்டல் இப்போது கொட்டகைக்குள் வந்தார். கையில் ஃபிளானல் துணியில் சுற்றிய பொட்டலம். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது, கண்கள் உள்ளே போயிருந்தன. நேராக ஆர்லோ மேசைக்கு வந்து, இடுப்பிலிருந்து ஒரு வேட்டைக்கத்தியை எடுத்துப் பச்சைத் துணியில் போட்டார். மான்கொம்புப் பிடி. ஆர்லோ கொடுத்த பரிசு.

"இந்தா. என் காசக் குடு."

கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பை அறுத்துவிடும், அதனால் வாங்குகிறவன் ஒரு சென்ட் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். வெண்டல் அன்று கொடுத்த செப்புக்காசு ஆர்லோவின் பர்ஸில், ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால் இருந்தது. பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றுபோனது. ஆர்லோ காசை எடுத்து வைத்தார். விரல் கொஞ்சம் தாமதித்துத்தான் அதை விட்டது.

சந்தையை நடத்துகிற டெல்பர்ட் தொப்பையைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னப்பா, காலங்காத்தால?"

"நீயே பாரு, டெல்பர்ட்." வெண்டல் பொட்டலத்தைப் பிரித்தார். "கீறலப் பாரு. அசல் வில்லு இதுல இல்ல. ஏதோ குப்பைய மாட்டிவச்சிருக்கான். சுத்தியல் விழுறதே தெரியல, கழுத்து முறிச்ச கோழி மாதிரி தொங்கிட்டு விழுது."

ஆர்லோவின் காதில் அந்த ஒரு சொல் மட்டும் நின்றது. விழுது.

அங்கே இருந்த யாரும் பழைய ரிவால்வரின் சுத்தியலை விழவிட மாட்டார்கள். பின்னுக்கு இழுத்தால் கட்டைவிரலால் பிடித்தபடியே மெதுவாக இறக்குவார்கள்; பாட்டன் காலத்து இரும்பு, எது உடையும் என்று சொல்ல முடியாது. எல்லாரையும்விட வெண்டல் இதில் கண்டிப்பு. ஒருமுறை வங்கிக்காரர் ஒருவர் விளையாட்டாக 'டக்'கென்று விழவிட்டதற்கு, சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பி வாசலைக் காட்டியவர். அந்த வெண்டல் விசையை இழுத்திருக்கிறார். இழுத்தும் ஒன்றும் நடக்காததால்தான் இங்கே நின்று கத்திக்கொண்டிருக்கிறார்.

ஆர்லோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். டெல்பர்ட்டின் நெற்றியில் மெல்லச் சுருக்கம் விழுவதையும் பார்த்தார். அவரும் இதே தொழிலில் நரைத்தவர்; 'விழுது' என்றால் என்னவென்று அவருக்கும் பிடிபட்டுவிடும்.

"இரு இரு, வெண்டல்," என்றார் டெல்பர்ட். "விழுதுன்னா... நீ அத ஏன்..."

"நான்தான் மாத்துனேன்," என்றார் ஆர்லோ, சத்தமாக.

கொட்டகை திரும்பிப் பார்த்தது.

"வில்லக் கழட்டினது நான்தான். ஆசைப்பட்டுட்டேன். வீட்ல இருக்கு. வெண்டல், வா, இப்பவே மாட்டித் தந்துடறேன்."

டெல்பர்ட்டின் நெற்றிச் சுருக்கம் வேறு மாதிரி ஆனது. "இத்தன வருஷம் உன்கூட ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கேன்யா," என்றார். "மேசையக் காலி பண்ணு. இனிமே இந்தப் பக்கம் வராத." யாரோ "திருட்டுப் பய" என்றார்கள். ஆர்லோ கத்திகளைத் துணியோடு சுருட்டினார். மான்கொம்புக் கத்தியை மட்டும் தனியாகக் கையில் எடுத்துக்கொண்டார். வெண்டல் ரிவால்வரைத் திரும்பத் துணியில் சுற்றினார். அவர் முகத்திலிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, பின்னாலேயே நடந்துவந்தார்.

பிக்கப் வண்டிக்குள் குளிர்ந்து கிடந்தது. ஆர்லோ சாவியைப் போட்டார், திருகவில்லை.

"வில்லு அதேதான். அந்தத் திருகை மட்டுந்தான் தளர்த்தினேன்."

"நடீன் சொன்னாளா?"

"ஆமா." ஆர்லோ சாவியிலிருந்து கையை எடுத்தார். "எப்படா இழுத்த?"

"செவ்வாக்கெழம." வெண்டல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ சர்ச்சுக்குக் கேக் கொண்டுபோயிருந்தா."

ஆர்லோவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. கோபம் அவனைக் காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டு மூன்று ஞாயிறு அந்த வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தார். கையை நீட்டினார். வெண்டல் பொட்டலத்தை அதில் வைத்தார். பிறகு கோட்டுப் பைக்குள் துழாவி, ஒரு தோட்டாவை எடுத்து அதன்மேல் வைத்தார். அடிப்பக்கத்து வட்டத்தின் நடுவில், குண்டூசியால் குத்தின மாதிரி, சுத்தியல் பட்ட லேசான ஒரு பள்ளம்.

"மிச்சம்?"

"டிராயர்லதான்."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

"அந்தப் பையக் காட்டு."

வெண்டல் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி கோட்டின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு கைக்குட்டை, கொஞ்சம் வைக்கோல் தூசி. ஆர்லோ உள்பையையும் தொட்டுப் பார்த்தார். அதற்காக வெட்கப்படவில்லை.

"டாக்டர்கிட்ட போறோம். நானும் வரேன். மறுக்காத."

வெண்டல் வலது கையை விரித்து நீட்டினார். உள்ளங்கையில் அந்தச் செப்புக்காசு.

"கத்தியக் குடுடா," என்றார்.

கத்தி ஆர்லோவின் மடியில், அவருடைய இடது கைக்கு அடியில் இருந்தது. சிநேகிதன் கேட்கிறானா, இல்லை செவ்வாய்க்கிழமை விசையை இழுத்தவன் கேட்கிறானா என்று அந்த முகத்தை ஆராய்ந்தார். தெரிந்த முகம்தான், ஆனாலும் படிக்க முடியவில்லை. இரண்டு பேருடைய மூச்சும் பட்டு வண்டிக் கண்ணாடி வெளுத்துப் போயிருந்தது. வெண்டலின் கை நீட்டியபடியே இருந்தது, மெல்லச் சரிந்துகொண்டு. காசு அதில் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.